வலது கைக்கு ஒரு பென்சில்

(கிட்டார் கேள்வி – பதில்)

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "நைலான் கம்பி கிட்டாரில் வலது கை விரல்களை முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்." வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த முறை முழுக்க வலது கை.

முதலில் ஒரு விஷயம். கிளாசிக்கல் கிட்டார் புத்தகங்களில் வலது கை விரல்களுக்கு பி, ஐ, எம், ஏ என்று நாலு எழுத்து அச்சிட்டிருப்பார்கள். புல்கார், இந்திசே, மெதியோ, அனுலார் என்ற ஸ்பானியச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், அவ்வளவுதான். சுண்டுவிரலுக்கு அநேகமாக லீவு. 'ஏ' என்று எழுதினால் அது ஸ்வரமா விரலா என்று என் பிள்ளைகள் குழம்பினார்கள். அதனால் பல வருஷமாக நான் தமிழிலேயே க, சு, ந, மோ என்று எழுதிவருகிறேன். இங்கேயும் அப்படித்தான். முதல் கம்பி என்றால் மெல்லியது, தரைப் பக்கம் இருப்பது. ஆறாவது தடித்தது, உங்கள் முகத்துக்குக் கிட்டே இருப்பது.

வயது 41. மூன்று வருடமாக வீடியோக்களைப் பார்த்துப் பழகுகிறேன். இடது கை விரல் எண்களைத் தவறாமல் பின்பற்றுகிறேன். வலது கையில் எந்த விரல் வருகிறதோ அதில் வாசிக்கிறேன். மெதுவாக வாசித்தால் நன்றாகவே வருகிறது. வேகம் ஏற்றினால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் இடறுகிறது. வலது கைக்கும் விரல் குறித்தே ஆகவேண்டுமா? – வாசகர், கோவை

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில்" என்று எழுதினீர்களே, அதை இரண்டு தரம் படித்தேன். இடது கையில் கோளாறு இருந்தால் எப்போதும் ஒரே இடத்தில்தான் இடறும். எட்டாத கார்டு (பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) இன்றைக்கும் எட்டாது, நாளைக்கும் எட்டாது. இடறும் இடம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்றால் கோளாறு வலது கையில். திங்கட்கிழமை சுட்டுவிரலில் ஆரம்பிக்கிறீர்கள், செவ்வாய்க்கிழமை நடுவிரலில். உங்களுக்கு இரண்டும் ஒரே பாட்டு. கைக்கு அவை இரண்டு வெவ்வேறு பாட்டுகள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு கௌரவமானது இல்லை. எனக்கு அப்போது 26 வயது. அதுவரை ஸ்டீல் கம்பியில் பிக் (மீட்டும் சிறு தகடு) வைத்துப் பாடகர் குழுவுக்கு வாசித்துக்கொண்டிருந்தவன். நைலானுக்கு மாறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சென்னையில் ஒரு தேவாலயக் கூடத்தில் பாஹின் ஈ மைனர் பூரே வாசிக்க ஒப்புக்கொண்டேன். லூட் (கம்பி மீட்டும் பழைய ஐரோப்பிய வாத்தியம்) தொகுப்பு என்று வழங்கும், பாஹின் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 996 என்ற எண்ணுள்ள தொகுப்பில் வரும் அந்தச் சின்ன நடனம். கிட்டார் பழகும் எல்லோரும் ஒரு நாள் அதன் வாசலுக்கு வந்து நிற்பார்கள். வீட்டில் நூறு தரம் வாசித்தது. மேடையில் பன்னிரண்டாவது நோட்டில் கை நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினேன். ஒன்பதாவதில் நின்றது. மூன்றாவது முறை தொடங்கும்போது முன்வரிசையில் ஒரு அம்மா பரிதாபப்பட்டுக் கைதட்டினார். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் மறுநாள் திட்டவில்லை. "தம்பி, உன் இடது கை சரியாத்தான் போச்சு. வலது கைதான் எங்க போறதுன்னு தெரியாம முழிச்சுது" என்றார். கிட்டாரை என் மடியிலேயே வைக்கச் சொல்லி, இடது கையைத் தொடைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னார். "இப்ப பூரே வாசி."

வெறும் கம்பியில். மேல் குரலின், அதாவது மெலடியின், முதல் பதினாறு நோட்டுகள் எந்தெந்தக் கம்பியில் வருகின்றன என்று மட்டும் பார்த்தால் இப்படி: ஒண்ணு ஒண்ணு ஒண்ணு ஒண்ணு ஒண்ணு ரெண்டு. ஒண்ணு ஒண்ணு ரெண்டு ரெண்டு ரெண்டு. ஒண்ணு ரெண்டு ரெண்டு ரெண்டு மூணு. வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொண்டு சு, ந, சு, ந என்று மாறி மாறி மீட்டிப் பாருங்கள், நீங்களும் இப்போதே. கம்பி மாறும் இடங்கள் ஆறு. அதில் மூன்று இடத்தில் விரல்கள் பின்னிக்கொள்ளும்.

ஏன் பின்னுகிறது? கையை இயல்பாகக் கம்பிமேல் தொங்கவிட்டால் சுட்டுவிரல் மூன்றாம் கம்பிப் பக்கமும், நடுவிரல் இரண்டாவதிலும், மோதிரவிரல் முதல் கம்பியிலும் போய் விழும். கை கட்டப்பட்டிருப்பதே அந்த வரிசையில். முதல் கம்பியில் ந, இரண்டாவதில் சு என்றால் கைக்குச் சுகம். முதல் கம்பியில் சு, இரண்டாவதில் ந என்று வந்துவிட்டால் நீளமான விரல் உள்ளே மடங்கவேண்டும், குட்டையான விரல் வெளியே எட்டவேண்டும். மெதுவாக வாசிக்கும்போது இது தெரியவே தெரியாது. கை சமாளித்துக்கொள்ளும். வேகத்தில்தான் குட்டு வெளிப்படும்.

"அப்போ நடுவிரல்ல ஆரம்பிச்சா?" என்று கேட்டேன். ஆரம்பித்துப் பார்த்தேன். முன்பு சரியாக இருந்த மூன்று இடம் இப்போது பின்னியது, பின்னிய மூன்று இடம் சரியானது. எப்படிப் புரட்டினாலும் ஆறில் மூன்று. இரண்டு விரலை மட்டும் மாற்றி மாற்றி வாசிக்கும்வரை இந்தப் பாட்டில் தப்ப வழியில்லை. அவர் நீலப் பென்சிலை எடுத்து, இரண்டே இடத்தில் மோதிரவிரலைப் போட்டார்:

ந சு ந சு ந சு – மோ ந சு ந சு – மோ ந சு ந சு.

ஏழாவது நோட்டிலும் பன்னிரண்டாவது நோட்டிலும் மோ. இப்போது ஆறு இடமும் சுகம். நான் மேடையில் செத்த பன்னிரண்டாவது நோட்டு அதில் ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

இதில் நான் கற்றது அந்த இரண்டு 'மோ' இல்லை, அவர் பென்சிலைப் பிடித்த வரிசைதான். முதல் நோட்டிலிருந்து அவர் ஆரம்பிக்கவில்லை. கம்பி மாறும் இடத்தை முதலில் வட்டமிட்டார், அங்கே எந்த விரல் வேண்டும் என்று முடிவு செய்தார், அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே ஆரம்பத்துக்கு வந்தார். ஆரம்ப விரல் ந என்பது அப்படி வந்த விடை. நாமெல்லாம் தலைகீழாகச் செய்கிறோம். கைக்குப் பழகிய விரலில் கிளம்பிவிட்டு, பள்ளம் வந்தபின் யோசிக்கிறோம்.

ஆக, ஆம், குறித்தே ஆகவேண்டும். எல்லா நோட்டுக்கும் வேண்டாம். ஆரம்பம், கம்பி மாறும் இடங்கள், ஒரு விரலை வரிசை தப்பி நுழைக்கிற இடம் ஆகியவற்றுக்குப் போதும். பக்கம் முழுக்க எழுத்தாக இருந்தால் கண் எதையும் பார்க்காது. குறித்த பிறகு கட்டைவிரலை விட்டுவிட்டு மேல் குரலை மட்டும் வெறும் கம்பியில் வாசியுங்கள், பிறகு கட்டைவிரலைச் சேருங்கள். இடது கை கடைசியாக வரட்டும். கிட்டாரில் எப்போதும் அதற்குத்தான் முதல் மரியாதை, ஒரு வாரம் காத்திருந்தால் குறைந்துபோகாது.

மகளுக்கு 9 வயது, கிரேடு தேர்வுக்குப் படிக்கிறாள். புத்தகத்தில் அச்சாகியிருக்கும் வலது கை விரல்களை அவளுடைய ஆசிரியர் நாலைந்து இடத்தில் அடித்து மாற்றியிருக்கிறார். மார்க் போய்விடுமா? – ஒரு தாய், மதுரை

போகாதுங்க. தேர்வு எடுப்பவர் காதால் கேட்டு மார்க் போடுகிறார். அச்சில் இருப்பது பதிப்பாசிரியரின் யோசனை மட்டும்தான், இசையமைப்பாளர் எழுதிய ஸ்வரத்துக்கு உள்ள அந்தஸ்து அதற்குக் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கிட்டார் கலைஞர் பெர்னாண்டோ சோர் எழுதிய பயிற்சிகளில் இருபதைத் தேர்ந்து, 20-ஆம் நூற்றாண்டுக் கிட்டார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா 1945-இல் ஒரு பதிப்பு கொண்டுவந்தார். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதில்தான் சோரைப் படித்தார்கள். அதில் உள்ள விரல்கள் செகோவியாவின் கைக்கு ஏற்றவை. சோர் தன் காலத்தில் பெரும்பாலும் கட்டை, சுட்டு, நடு மூன்றையும் வைத்தே ஓட்டியவர். எழுதியவர் விரலையே இன்னொரு மேதை மாற்றியிருக்கும்போது, உங்கள் மகளின் ஆசிரியர் ஒன்பது வயதுக் கைக்காக நாலு இடம் மாற்றினால் என்ன? அடித்து மாற்றினார் என்பதே எனக்கு நல்ல சேதி. அவர் அந்தக் குழந்தையின் கையைப் பார்த்திருக்கிறார்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். தேர்வுக்கு முந்தின இரண்டு வாரத்தில் யாரும், ஆசிரியரே ஆனாலும், விரலை மாற்றவேண்டாம். சுமாரான விரல் பழகியிருந்தால் போதும், பழகாத அருமையான விரலால் அன்றைக்குப் பயன் இல்லை.

12 வருடம் வீணை கற்றவள். இப்போது தம்பியின் கிட்டாரை எடுத்து வைத்துப் பார்க்கிறேன். சுட்டுவிரல், நடுவிரல் மாற்றி மீட்டுவது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் கிட்டாரில் கை தடுமாறுகிறது. ஏன்? – வாசகி, கும்பகோணம்

உங்களைப் போன்றவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. சுட்டு – நடு மாற்று எனக்கு வர ஒரு வருஷம் ஆயிற்று, உங்களுக்கு அது சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

தடுமாற்றத்துக்குக் காரணம் வாத்தியத்தின் அமைப்பு. வீணையில் வாசிக்கும் கம்பி நாலு, பக்கத்தில் தாளத்துக்கு மூன்று. ஆனால் உங்கள் பாட்டின் பெரும்பகுதி சாரணி என்ற முதல் கம்பியிலேயே நடக்கிறது. இடது கை மெட்டுகள்மேல் (கம்பிக்கு அடியில் இருக்கும் குறுக்குப் பட்டைகள்) நீளவாக்கில் ஓடுகிறது, ஒரே மெட்டில் கம்பியை இழுத்து மூன்று ஸ்வரம் வாங்குகிறது. வலது கைக்குக் கம்பி தாவும் வேலை குறைவு. கிட்டாரில் நிலைமை நேர்மாறு. இடது கை ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும், பாட்டு குறுக்குவாக்கில் கம்பிக்குக் கம்பி தாவும். அதனால் மேலே கோவைக்காரருக்குச் சொன்ன பின்னல் உங்களுக்குப் புதிதாக முளைக்கிறது. அதோடு, வீணையில் மீட்டுவதற்கு வராத கட்டைவிரல் இங்கே பேஸ் (தடித்த கம்பிகளின் கீழ்க் குரல்) முழுக்கப் பார்த்துக்கொள்ளவேண்டும். அங்கே தாளக் கம்பியைத் தட்டி உழைத்த உங்கள் சுண்டுவிரல் இங்கே சும்மா இருக்கவேண்டும். அது சும்மா இருக்காது, நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் மூன்று மாதம் அதை மோதிரவிரலோடு ஒட்டிப் போகவிடுங்கள்.

ஆனால் உங்களிடம் ஒன்று இருக்கிறது, அதைத் தொலைத்துவிடாதீர்கள். சாகித்யத்தின் எழுத்து எங்கே விழுகிறதோ அங்கே மீட்டு விழவேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். கிட்டாரில் பலர் இதை யோசிப்பதே இல்லை. எந்த விரலில் அழுத்தம் விழுகிறது என்று கேட்காமல் சு, ந, சு, ந என்று தையல் மிஷின் ஓட்டுகிறார்கள். ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டு லூட் வாசித்தவர்கள் இதில் உங்கள் கட்சி. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். கனமான கட்டைவிரல் வலுத்த இடத்தில், லேசான சுட்டுவிரல் மெலிந்த இடத்தில். எழுதி வைத்த ஏடுகளில் சுட்டுவிரல் வரும் இடத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளிகளைப் பார்த்தாலே பாட்டின் மூச்சு தெரியும்.

ஆகவே கிட்டாரில் விரல் எழுதும்போது, முதலில் அந்த வரியை வாயால் பாடுங்கள். நீங்கள் அழுத்திப் பாடிய இடத்துக்கு நல்ல விரலைக் கொடுங்கள். கம்பி தாவும் சௌகரியமும் பாட்டின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று சண்டை போடும் இடம் வரும். வேகமான பாட்டில் சௌகரியத்தையும் மெதுவான பாட்டில் அழுத்தத்தையும் ஜெயிக்கவிடுவது என் வழக்கம்.

ஸ்கேல் (ஆரோகண அவரோகணம்) வேகமாக வாசிக்க மோதிரம், நடு, சுட்டு என்று மூன்று விரல் போடலாம் என்கிறார்களே? – மாணவர், திருச்சி

போடலாம். ஸ்பானியக் கிட்டார் கலைஞர் நார்சிஸோ யெபெஸ் அந்த வேலையில் கெட்டிக்காரர். மூன்று மூன்றாக வரும் ஸ்வரங்களுக்கு இது பொருந்திவிடும், அழுத்தம் எப்போதும் மோதிரவிரலிலேயே விழும். நாலு நாலாக வரும்போதுதான் விவகாரம். மோ ந சு மோ, ந சு மோ ந, சு மோ ந சு. ஒவ்வொரு நாலின் தலையிலும் வேறு விரல். மூன்றுக்கும் ஒரே கனம் வராதவரை ஸ்கேல் நொண்டும். கேட்கிறவர்களுக்குத் தாளம் ஆடுகிற மாதிரி இருக்கும். ஆடுவது உண்மையில் உங்கள் விரல் பலம். இரண்டு விரலில் சுத்தமாக வராத ஸ்கேலை மூன்று விரலில் ஓட்டி மறைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் வயதில் நானும் மறைத்தேன், ஒருவரும் ஏமாறவில்லை.

'ரொமான்ஸ்' என்று எல்லோரும் வாசிக்கும் அந்த ஸ்பானியப் பாட்டில் எனக்கு மெலடி எழும்புவதே இல்லை. மூன்று விரலும் ஒரே சத்தம். – வாசகர், நாகர்கோவில்

அந்தப் பாட்டில் முதல் கம்பி மோ, இரண்டு ந, மூன்று சு. மூன்று மூன்றாக அலை மாதிரி வரும். மெலடி முழுக்க மோதிரவிரல் தலையில். பலம் குறைந்த விரலுக்குக் கதாநாயகன் வேஷம் கொடுத்திருக்கிறார்கள், வேறு வழியும் இல்லை.

வழக்கமாகச் சொல்லும் வைத்தியம், மோதிரவிரலை அப்போயாந்தோவில் அடிப்பது. அதாவது முதல் கம்பியை மீட்டிய விரல் அடுத்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்கும். சத்தம் திடமாக வரும். ஆனால் சாய்வது எங்கே? இரண்டாம் கம்பியில். முந்தின அலையில் நடுவிரல் மீட்டிய அதே கம்பி இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதை அமுக்கிவிடுகிறது. கவனித்துக் கேட்டால் துணைக் குரலில் ஒரு ஓட்டை தெரியும். அதோடு அடுத்த கணமே நடுவிரல் அதே கம்பிக்கு வரவேண்டும், மோதிரவிரல் விலகியாகவேண்டும். இரண்டு பேரும் ஒரே படிக்கட்டில்.

நான் சொல்வது எதிர்ப்பக்கம். மோதிரவிரலைப் பலமாக்காதீர்கள், மற்ற இரண்டையும் அடக்குங்கள். நடுவிரலும் சுட்டுவிரலும் கம்பியைத் தொட்டும் தொடாமலும் போகட்டும். ஒரு வாரம் அந்த இரண்டை மட்டும், பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதாக நினைத்து வாசியுங்கள். பிறகு மோதிரவிரலை அதன் சாதாரண பலத்தில் சேருங்கள். மெலடி தானாக எழும்பும். முக்கியமான நீண்ட ஸ்வரம் ஏதாவது இருந்தால் அங்கே மட்டும் ஒரு அப்போயாந்தோ, நெய் விடுகிற மாதிரி.

மோதிரவிரல் நகம் உடைந்துவிட்டது. பத்து நாளில் நிகழ்ச்சி. விரல்களை எல்லாம் மாற்றி எழுத முடியுமா? – வாசகர், வேலூர்

நகம் எப்போதும் நிகழ்ச்சிக்கு முன்னால்தான் உடையும். என்னுடையது ஒரு முறை தண்ணீர் கேன் மூடியை நெம்பும்போது போனது, இரண்டு நாள் முன்னால். டேபிள் டென்னிஸ் பந்தைத் துண்டு வெட்டி நகத்தடியில் பசை போட்டு ஒட்டுகிறவர்கள் உண்டு. நானும் ஒட்டினேன். ஒத்திகையில் அது தெறித்து முன்வரிசைக்குப் போயிற்று.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நான் வாசிக்க இருந்தது சோரின் பி மைனர் பயிற்சி, ஓபஸ் (படைப்பு எண்) 35-இல் 22-ஆவது. சோர் நகமே இல்லாமல் வாசித்தவர். 1830-இல் வெளியான தன் கிட்டார் நூலில், நகத்தால் வாசிப்பவர் யாருடைய வாசிப்பையும் தன்னால் சகிக்க முடிந்ததில்லை என்கிற அளவுக்கு எழுதியவர். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய நெருங்கிய நண்பர் தியோனிசியோ அகுவாதோ நகம் வைத்து வாசித்தவர். நண்பருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். இருவரும் சேர்ந்து வாசிக்க 'இரு நண்பர்கள்' என்று ஒரு இரட்டைக் கிட்டார் படைப்பும் எழுதினார். நகமா சதையா என்று இன்றைக்குச் சண்டை போடுகிறவர்கள் இதை யோசிக்கலாம். ஸ்பானியக் கிட்டார் மேதை தாரேகாவும் கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டார்.

மோதிரவிரலை அதிகம் நம்பாத மனிதர் எழுதிய பாட்டுக்கு நான் ஏன் மோதிரவிரலைத் தேடி அழவேண்டும்? க, சு, ந மூன்றை வைத்து எழுதிப் பார்த்தேன். மெலடிக்கு ந, நடுக் குரலுக்குச் சு, கட்டைவிரல் பேஸோடு நிற்காமல் தேவைப்பட்ட இடத்தில் மூன்றாம் கம்பி வரைக்கும் இறங்கி வேலை செய்தது. கட்டைவிரல் என்றால் நாலு, ஐந்து, ஆறு கம்பிக்கு மட்டும் என்று நமக்கு முதல் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அது முதல் வகுப்புக்கான விதி, ஆயுசுக்கும் இல்லை. மெலடி மோதிரவிரலில் இருந்ததைவிட நடுவிரலில் நிறைவாகக் கேட்டது. நகம் வளர்ந்த பிறகும் அந்தப் பாட்டுக்கு நான் பழைய விரலுக்குத் திரும்பவில்லை.

உங்களுக்குப் பத்து நாள் இருக்கிறது. சோர், கார்காஸி காலத்துப் பாட்டு என்றால் தைரியமாக மாற்றுங்கள். ட்ரெமோலோ (ஒரே ஸ்வரத்தை விரல் மாற்றி மாற்றி விடாமல் மீட்டுவது) பாட்டு என்றால் விரலை மாற்றாதீர்கள், பாட்டையே மாற்றிவிடுங்கள்.

ட்ரெமோலோவில் க மோ ந சு என்று வாசிக்கிறேன். குதிரை ஓடுகிற சத்தம் வருகிறது. – வாசகர், சிங்கப்பூர்

எல்லோருக்கும் வருகிறது. கட்டைவிரலுக்குப் பின் வரும் மூன்றும் அவசரமாக ஒட்டிக்கொண்டு, அடுத்த கட்டைவிரலுக்கு முன் இடைவெளி விழுந்தால் அதுதான் குதிரை. முதல் கம்பியில் பழகுவதை நிறுத்திவிட்டு இரண்டாம் கம்பியில் பழகுங்கள். தாரேகாவின் ஆல்ஹம்ப்ரா பாட்டில் பாதிக் கஷ்டம் ட்ரெமோலோ இரண்டாம் கம்பிக்கு வரும்போதுதான். ஒரு பக்கம் முதல் கம்பி, மறுபக்கம் மூன்றாம் கம்பி, நடுவே விரல் ஒதுங்க இடமில்லை. அங்கே சமமாக வந்தால் முதல் கம்பியில் தானாக வரும். மெதுவாக வாசிக்கும்போது அடுத்த விரலைக் கம்பியில் முன்னாலேயே வைத்து, சத்தத்தை வெட்டி வெட்டி வாசியுங்கள். இடைவெளிகள் சமமா என்று காது அப்போதுதான் சொல்லும்.

மோதிரவிரலைத் தனியாகத் தூக்கிப் பழகினால் முன்கையில் வலி. பழகப் பழகப் போய்விடுமா? – வாசகி, பாளையங்கோட்டை

நிறுத்துங்கள், இன்றைக்கே. உள்ளங்கையை மேசையில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தூக்கிப் பாருங்கள். மோதிரவிரல்தான் குறைவாக எழும்பும், ஏனென்றால் புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு இணைப்புகளால் பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பைப் பயிற்சியால் அறுக்க முடியாது. மோதிரவிரல் மீட்டும்போது சுண்டுவிரல் கூடவே வரட்டும், நடுவிரலும் கொஞ்சம் அசையட்டும். ஒரு வாரம் ஓய்வுக்குப் பிறகும் வலித்தால் மருத்துவரிடம் போங்கள், இந்தப் பகுதிக்கு எழுதிப் போடாதீர்கள்.

வலது கைக்கு என்று தனியாக ஒரே ஒரு பயிற்சிப் புத்தகம் சொல்லுங்கள். வீட்டில் திட்டு வாங்காமல் பழகுகிற மாதிரி. – வாசகர், சேலம்

மௌரோ ஜூலியானியின் ஓபஸ் 1, வியன்னாவில் 1812-இல் வந்தது. அதன் முதல் பகுதியில் 120 ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) பயிற்சி. இடது கைக்கு இரண்டே இரண்டு கார்டு, சி மேஜரும் ஜி செவன்த்தும். வேண்டுமென்றேதான் அப்படி. இடது கை மூளையைக் கேட்காது, வலது கை முழுக் கவனத்தையும் எடுத்துக்கொள்ளும். 120-ஐயும் வரிசையாக முடிக்கவேண்டும் என்று கிளம்பாதீர்கள். நீங்கள் இப்போது வாசிக்கும் பாட்டில் எந்த விரல் வரிசை வருகிறதோ அதைப் போல ஒன்றை அதில் தேடி எடுத்து, ஒரு வாரம் அதை மட்டும்.

திட்டு விஷயம். உண்மைதான், இரண்டே கார்டை மணிக்கணக்கில் கேட்பது குடும்பத்துக்கு ஒரு தண்டனை. எங்கள் மேல்வீட்டு மாமி ஒரு நாள் படியிறங்கி வந்து, "அடுத்த பாட்டு எப்பப்பா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து, பிரிட்ஜுக்கு (கிட்டாரின் உடலில் கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை) பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். ஒலி நீளாமல் டொக் டொக் என்று நின்றுவிடும். கார்டு எதுவென்றே மாமிக்குத் தெரியாது. எந்த விரல் பலமாக அடிக்கிறது, எது பதுங்குகிறது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.